கார்ன் ஸ்நேக் கூண்டு முழுக்க 35 டிகிரியா? தவறு

"குளிர் ரத்தப் பிராணிதானே, கூண்டு முழுக்க 35 டிகிரி வையுங்கள்" என்று கார்ன் ஸ்நேக் என்ற பாம்பைச் செல்லமாக வளர்ப்பவர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். உடம்புக்குள் போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாத பாம்பு, சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறி நகர்ந்துதான் சமாளிக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில், அதன் சொந்த மண்ணில், மரப்பட்டைக்கு அடியிலும் எலி வளையிலும் போய் ஒதுங்குவது அதற்காகவும்தான். எங்கும் ஒரே சூடு என்றால் பாவம், எங்கே போகும்? கூண்டின் ஒரு முனையில் 29 முதல் 32, மறுமுனையில் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ், இரண்டிலும் ஒளிய ஓர் இடம். இரவில் 20 வரை இறங்கினாலும் சரி.

அப்புறம், தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஹீட் மேட் (கூண்டைச் சூடாக்கும் மின் விரிப்பு) போடவே போடாதீர்கள். சுடுகிறது என்று விலகாமல் பாம்பு அதன் மேலேயே சுருண்டு கிடக்கும், வயிற்றுச் செதில் வெந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள் முழுக்க ஊறிக் கிடந்தால் கூண்டில் சூடு அதிகமாக இருக்கலாம், முதலில் வெப்பமானியைப் பாருங்கள்.