துப்பாக்கி கொண்டுவராத சிறுமிகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 11 ஆண்டுகள் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டதாக 2002 ஜனவரியில் அறிவித்தார்கள். இன்றும் அந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கி ஏந்திய சிறுவனின் படத்தைத்தான் போடுகிறார்கள். அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அதே காட்டில் அவனோடு இருந்த சிறுமிகளைப் பற்றிப் பேச ஆளில்லையே என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

போராளிகளிடம் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு மறுவாழ்வுக்கு உதவும் ஆயுதக் களைவுத் திட்டம் ஒன்று இருந்தது. அதன் முகாமுக்கு வருகிறவர், தாம் படையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும்; ஏகே-47 துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டிக் காட்டு என்றுகூடக் கேட்டார்கள். குழந்தைகளுக்கு இந்த நிபந்தனை கிடையாது என்று விதியில் இருந்தது. நடைமுறையில் அவர்களிடமும் துப்பாக்கி எங்கே என்றுதான் கேட்டார்கள். கடத்தப்பட்டு, படைக்குச் சமைத்துப் போட்டு, கொள்ளையடித்த மூட்டைகளைத் தலையில் சுமந்து, யாரோ ஒரு தளபதிக்கு 'மனைவி' ஆக்கப்பட்டு, கைக்குழந்தையோடு வந்து நிற்கும் 15 வயதுப் பெண் எதைப் பிரித்துக் காட்டுவாள்? துப்பாக்கி வைத்திருந்த சிறுமிகளிடமிருந்தும் அதைப் பிடுங்கி வேண்டியவர்களுக்குக் கொடுத்த தளபதிகள் உண்டு. அந்தத் திட்டத்தில் பதிவான குழந்தைகள் சுமார் 6,800 பேர்; அவர்களில் சிறுமிகள் 500 சொச்சம்தான். படிப்பு, தொழிற்பயிற்சி, வீட்டாரைத் தேடிச் சேர்த்துவைக்கும் உதவி எல்லாம் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கிடைத்தன.

பதிவாகாத சிறுமிகள் யாருக்கும் தெரியாமல் ஊர் திரும்பினார்கள். ஊரும் அவர்களை ஏற்கவில்லை. மடியில் இருந்ததைக் கிளர்ச்சிக்காரன் பிள்ளை என்று ஏசியது.

கட்டாயத் திருமணம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று தலைநகர் ஃப்ரீடவுனில் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் 2009இல் கிளர்ச்சிப் படைத் தலைவர்களைத் தண்டித்தது. மகத்தான தீர்ப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அதே காலத்தில் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடைக்கால நிவாரணம் என்று தந்த தொகை ஏறத்தாழ 100 டாலர். அதைக் கொண்டு ஒரு பிள்ளையை எத்தனை வகுப்பு வரை படிக்க வைப்பது?

இனி வருவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. எபோலா கொள்ளைநோயால் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பள்ளிகள் 2015 ஏப்ரலில் திறந்தன. கர்ப்பிணி மாணவிகள் உள்ளே வரக் கூடாது என்றது அரசு. அவர்களைப் பார்த்து மற்ற பெண்களும் கெட்டுப்போவார்களாம். சில பள்ளிகளில் மாணவிகளின் வயிற்றையும் மார்பையும் தடவிப் பார்த்துச் சோதித்தார்கள். தேர்வு எழுத வந்த பிள்ளையை இப்படியா நடத்துவது? போரின் கடைசி ஆண்டுகளில் காட்டில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அப்போது 14, 15 வயது. தாய்க்குக் கையில் துப்பாக்கி இல்லை என்று கதவடைத்த நாடு, மகளுக்கு வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று கதவடைத்தது. 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் கண்டித்த பிறகே, 2020 மார்ச்சில் தடை நீங்கியது.

2018இல் இலவசப் பள்ளிக் கல்வித் திட்டமும், 2024இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் வந்திருக்கின்றன. மனமார வரவேற்கிறேன். ஆனால் அன்று பதிவேட்டில் இடம்பெறாத சிறுமிகள் இன்று நாற்பதை ஒட்டிய பெண்கள். பிறருக்குக் கிடைத்த தொழிற்பயிற்சியையும் உதவித்தொகையையும், துப்பாக்கியும் சான்றும் கேட்காமல், இப்போதாவது அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் போருக்குப் பணத்தைக் கொட்டியது அந்த மண்ணின் வைரம். அதை வாங்கி விற்றுக் கொழுத்த நாடுகளும் இந்தச் செலவில் பங்கேற்க வேண்டும்.