சத்தத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு

ஞாயிறு இரவு நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பாதி அதில் சிரித்தவர்கள், அதனால் முழுக் கதையையும் திரும்ப ஒப்புவிக்கப் போவதில்லை. ஒரு பெடியன் தன்னுடைய ஹோம் தியேட்டரைப் படம் எடுத்து இணையத்தில் போட்டான். அதில் சப்வூபர், அதாவது அடிச்சத்தம் தரும் ஸ்பீக்கர், வீட்டிலேயே அடித்த பலகைப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு பெரிய மனிசர் கீழே வந்து "இது சப்வூபரோ, சவப்பெட்டியோ?" என்று எழுதினார். நூற்றுச் சொச்சம் பேர் பல்லைக் காட்டினார்கள். திங்கள் விடியப் பார்த்தால் படத்தைக் காணோம். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். சோறு செமிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரேயொரு கேள்விதான் இருக்கிறது. கேட்டீர்களா? அந்தப் பெட்டியிலிருந்து வரும் சத்தத்தை உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? படத்தில் பலகை தெரியும், வயர் தெரியும், சுவரில் சாத்தி வைத்த தும்பு மெத்தை தெரியும். சத்தம் தெரியாது. அதைக் கேட்கவும் இல்லை, "என்ன தம்பி செய்து வைத்திருக்கிறாய்" என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தீர்ப்பு மட்டும் சுடச்சுட வந்துவிட்டது.

நான் கேட்டேன். வைகாசியில் அவன் வீட்டுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் இருந்து கேட்டேன். கோண்டாவில் பக்கம் பழைய ஓட்டுவீடு. ஸ்பீக்கர்களை ஓட்டுகிற அவனுடைய றிசீவர், ஜப்பானில் யாரோ பாவித்துக் கழித்து, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, கைமாறிக் கைமாறி வந்த சாமான். 100 வோல்ற்றில் ஓடுவது. நம்முடைய 230-இல் நேரே செருகினால் என்ன நடக்கும் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றிருக்கிறேன், அந்தப் புகையைப் பற்றி மனைவி இன்றைக்கும் கதைப்பார். அவன் முதலில் ட்ரான்ஸ்போமரை வாங்கிவிட்டுத்தான் றிசீவரை வாங்கினான். உள்ளே வீங்கிக் கிடந்த கப்பாசிற்றர்களைக் கழற்றித் தானே புதிது போட்டான்.

பெட்டி 18 மில்லிமீற்றர் பிளைவூட். தகப்பன் தச்சுவேலை. மூலைப் பொருத்துகளில் ஒரு ஆணி கிடையாது, விரலால் தடவினால் இணைப்பு தட்டுப்படாது. உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, முன்னால் பத்து அங்குல ஸ்பீக்கர், பக்கத்தில் காற்றுப் போக ஒரு பிவிசி குழாய். அந்தக் குழாயை நாலு தரம் வெட்டியிருக்கிறான். குழாய் நீளமானால் பெட்டியின் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். ஒரு அரை அங்குலம் வெட்டுவது, போட்டுக் கேட்பது, பிறகு இன்னொரு அரை அங்குலம். வெட்டிய துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தான், வளையல் மாதிரி. அந்தத் துண்டுகள் உங்கள் படத்தில் இல்லை பாருங்கள், அதுதான் எனக்கு விசர்.

பிறகு இணுவிலில் ஒரு கோயில் திருவிழாவில் அவனே பதிந்த தவிலைப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். தவிலின் வலப் பக்கமான வலந்தலையில் விரற்கூடு விழுவது ஒரு இடத்தில், இடப் பக்கமான தொப்பியில் கழி விழுவது இன்னொரு இடத்தில். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. கழி விழுந்த அடி நெஞ்சில் வந்து தட்டிவிட்டு உடனே நின்றது. நின்றது என்பதுதான் முக்கியம். காசு கொடுத்தால் எவனுடைய அறையிலும் பாஸ், அதாவது அடிச்சத்தம், வரும். வந்த பாஸ் நேரத்துக்கு நிற்பதற்குத்தான் வேலை தெரிய வேண்டும்.

இனி அந்தப் பெரிய மனிசரின் தியேட்டருக்கு வருவோம். அதையும் நான் கேட்டிருக்கிறேன், போன வருசம் கூப்பிட்டார், போனேன். ஒவ்வொரு பெட்டியையும் விலையோடுதான் அறிமுகப்படுத்தினார், சீதனப் பட்டியல் வாசிப்பது போல. கூரையில் நாலு ஸ்பீக்கர், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற டொல்பி அட்மொஸ். சாமானில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், முதல்தரம். அறை? பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சரிசதுரம். நாலு பக்கமும் பூசிய சீமெந்துச் சுவர், தரையில் பளபளக்கும் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி யன்னல்.

நான் பௌதிகம் படிப்பிக்கிறவன், இந்தக் கணக்கைச் சொல்லாமல் போனால் நித்திரை வராது. பன்னிரண்டு அடி என்பது 3.66 மீற்றர். ஒலி வினாடிக்கு 343 மீற்றர் போகும். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால், அதாவது 7.32-ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 47. அந்த 47 ஹேர்ட்ஸில் அறை தானாகக் குமுறும், உயர்தரத்தில் பரிவுக் குழாய்ப் பரிசோதனை செய்தவர்களுக்கு இது விளங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து அதே 47-இலேயே குமுறும். சதுர அறை இந்த வேலைக்குக் கூடவே கூடாது என்பது அதனால்தான். அவர் சப்வூபரைக் கொண்டுபோய் மூலையில் வேறு வைத்திருந்தார், எரிகிற நெருப்பில் எண்ணெய். கதவு சாத்தினாலும் குண்டு வெடித்தாலும் ஒரே "ம்ம்ம்". நடுவில் இருக்க வேண்டிய சென்ரர் ஸ்பீக்கர், கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டில். படத்தில் பேச்சு பெரும்பாலும் அந்த ஒன்றிலிருந்துதான் வரும். அது தரையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தது. பேச்சு விளங்காமல் அவரே ரிமோற்றை எடுத்து சப்டைட்டில் போட்டார். இவ்வளவு காசைக் கொட்டி, தமிழ்ப் படத்தை இங்கிலிசில் வாசித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா இருக்கு அண்ணை" என்றேன். அவர் வீட்டு ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன், கோப்பி குடித்தேன், வந்துவிட்டேன். கோழைத்தனம் என்றால் கோழைத்தனம். ஆசையாகச் செய்து வைத்துக் கூப்பிட்டுக் காட்டுகிற மனிசனின் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பெடியனும் ஆசையாகத்தானே காட்டினான்?

"அப்படியென்றால் விலை கூடின சாமானெல்லாம் வீண் என்கிறாயா?" என்று ஒருவர் வரிந்து கட்டிக்கொண்டு வருவார். இல்லை ஐயா. என் வீட்டிலும் லண்டன் அத்தான் கொண்டுவந்து தந்த டெனொன்தான் இருக்கிறது, அதைத் துடைக்க ஒரு தனித் துணி வைத்திருக்கிறேன். காசு இருப்பவர் வாங்கட்டும், காட்டட்டும், நானும் வாயைப் பிளந்து பார்ப்பேன். செட்டப்பைக் காட்டுவது இந்தப் பைத்தியத்தில் பாதிச் சந்தோசம், அதை யாரும் மறுக்கவில்லை. விலையைப் பார்த்துச் சத்தத்துக்கு மார்க் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 3000 வற் பிஎம்பிஓ என்று ஸ்ரிக்கர் ஒட்டி விற்றவனை நம்பி ஏமாந்த ஊர் இது. அந்த இலக்கத்துக்கும் உண்மையான வற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரிய எங்களுக்கு எத்தனை வருசம் எடுத்தது!

"வயர் எல்லாம் வெளியில் தொங்குகிறது, ஆபத்து" என்று எழுதினவர் சொன்னது சரி. அதற்கு மறுப்பு இல்லை, அவனிடமும் சொல்லிவிட்டேன்.

"அவன் உன்னிடம் படித்தவன், அதுதான் நீ துள்ளுகிறாய்." படித்தவன்தான். அதனால் என்ன? பரிவுக் குழாயை நான் கரும்பலகையில் கீறிக் காட்டினேன், அவன் பிவிசியில் வெட்டிக் காட்டினான். யார் வாத்தியார் என்று எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது.

பிறகு அந்தப் பழைய பாட்டு. "பகிடிக்குச் சொன்னதுதானே, இதைப் போய்..."

பகிடி பற்றி எனக்கும் ஒரு கதை இருக்கிறது. 1993, சண்டைக் காலம். நான் ஏழாம் வகுப்பு. 1990-இல் போன கரண்ட் திரும்பி வரவே இல்லை, பற்றறிக்குத் தடை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. எங்கள் மாமா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து விறாந்தையில் வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு, பழைய கசற் றேடியோவை ஓட வைத்தார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. இரவில் பிபிசி தமிழோசை கேட்க ஒழுங்கை முழுக்க வந்து திண்ணையில் குந்தும். செய்தி முடிந்தால் கசற். கை உளைந்து நான் மெதுவாகச் சுற்றினால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிடும், "டேய், சுத்தடா" என்று நாலு பக்கமும் கத்துவார்கள். மாமா அந்த ஸ்பீக்கரைக் கழற்றி, சோறு வடிக்கிற பழைய மண்பானை ஒன்றின் வாயில் கவிழ்த்துக் கட்டினார். அது வரைக்கும் தகரம் மாதிரிக் கிடந்த பாட்டுக்கு ஒரு அடிவயிறு வந்தது. நான் முதன்முதல் பாஸ் கேட்டது அந்தப் பானையில்தான்.

கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் தாண்டி ஒரு சொந்தக்காரர் வந்தார். பானையைப் பார்த்தார். "என்ன மச்சான், புட்டு அவிக்கிறியோ?" திண்ணை முழுக்கச் சிரிப்பு. மாமாவும் சிரித்தார், எல்லாரையும் விடப் பெலமாக. அடுத்த நாள் நான் சைக்கிளைக் கவிழ்த்தபோது பானை இல்லை. ஸ்பீக்கர் திரும்ப றேடியோவுக்குள் போயிருந்தது. எங்கே என்று கேட்டேன், "வெடிச்சுப் போச்சு" என்றார். பானை மாமியின் அடுப்படிப் புகட்டில் கிடந்தது, நான் பார்த்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தப் பானையும் அங்கேயேதான் கிடந்திருக்கும். மாமா இப்போது இல்லை. அந்த உறவினர் கனடாவில் சுகமாக இருக்கிறார், புட்டுப் பகிடி அவருக்கு நினைவிருக்கவே போவதில்லை.

கனடா என்றதும் ஞாபகம் வருகிறது. ஞாயிறு சிரித்தவர்களில் அரைவாசிப் பேர் வெளிநாடு. உங்கள் வீட்டுச் சுவர் ஜிப்சம் பலகை, தரையில் கார்பெற். சுவரே பாஸில் கொஞ்சத்தைக் குடித்துவிடும், கார்பெற் மேல்சத்தத்தைக் குடித்துவிடும், வீடு கட்டினவனே பாதி வேலையைச் செய்து தந்துவிட்டான். இங்கே சீமெந்தும் டைல்ஸும். அதனால்தான் தும்பு மெத்தை, அதனால்தான் தரையில் பாய், அதனால்தான் பின்மூலையில் அவன் அம்மாவின் நெல்லு மூட்டை. மூட்டை அவன் வைத்ததில்லை, அது முதலே அங்கேதான் இருந்ததாம், ஆனால் அதை எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னவன் அவன். ஓட்டுக்கூரை வேறு, பாஸ் இடைவெளியால் வெளியே போய்விடும், அறைக்குள் நின்று குமுறாது. "ஆஸ்பத்திரி வார்டு" என்று ஒருத்தர் எழுதியிருந்தார், அந்த மெத்தைக்கு. நீங்கள் நுரைப்பலகை வாங்கி ஒட்டினால் அக்கூஸ்டிக், அவன் மெத்தையைச் சாத்தினால் வார்டு.

2022-இல் நாங்கள் பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டில் இருந்தபோது, டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்தபோது, இறக்குமதிக்கு ஒன்று மாறி ஒன்றாகத் தடை வந்தபோது, அந்தப் பெடியன் கழித்த சாமான்களுக்குள் கையை விட்டு இதைச் சேர்க்கத் தொடங்கினான். நீங்கள் அப்போது "பாவம் நம்ம சனம்" என்று பதிவு போட்டீர்கள். நம்ம சனத்தில் ஒருவன்தான் இவன். இப்போது என்ன பாவமில்லையா? சரி, இதை இழுத்தால் வேறு எங்கேயோ போய்விடும். எனக்கு உங்களோடு கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

அந்தச் "சவப்பெட்டி" என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தகப்பன் தச்சுவேலை என்று தெரிந்தே சொன்ன சொல் அது. அதில் அடிக்கிற இன்னொரு வாடையும் எனக்கு மணக்காமல் இல்லை, யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். சண்டைக் காலத்தில் அந்தப் பக்கத்தில் செத்தவர்களுக்குப் பெட்டி அடித்தது யார் என்று அங்கே உள்ள கிழடுகளிடம் கேளுங்கள். பலகை கிடைக்காத நேரத்தில் அந்த மனிசன் எதைக் கழற்றிப் பெட்டி அடித்தார் என்றும் கேளுங்கள். எத்தனை பேரிடம் காசு வாங்கினார் என்றும் கேளுங்கள். கேட்கிற பழக்கம்தான் உங்களிடம் இல்லையே.

மன்னிப்பு எல்லாம் நான் கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பெரிய மனிசர் இதை வாசிப்பார் என்று தெரியும். அண்ணை, சப்வூபரை மூலையிலிருந்து இரண்டு அடி வெளியே இழுங்கள், சென்ரர் ஸ்பீக்கரை அலுமாரியை விட்டு எடுத்துக் காது மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், பின்சுவரில் ஒரு தும்பு மெத்தையைச் சாத்துங்கள். உங்கள் சாமான் நல்ல சாமான், அதன் சத்தத்தை நீங்களே இன்னும் கேட்கவில்லை. போன வருசமே சொல்லியிருக்க வேண்டும், ரோல்ஸ் தடுத்துவிட்டது.

இன்றைக்குப் பின்னேரம் பெடியன் போன் எடுத்தான். ஞாயிறு பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. வயரையெல்லாம் குழாய்க்குள் போட்டுவிட்டதாகச் சொன்னான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சேர், பெட்டிக்குக் கறுப்புப் பெயின்ற் அடிச்சா வடிவா இருக்குமோ? பலகை தெரியாது" என்றான்.

அடிக்காதே என்றேன். "அப்பாவும் அதைத்தான் சொல்றார்" என்றான், ஆனால் குரலில் பெயின்ற் ஏற்கெனவே வாங்கி வைத்த மாதிரி இருந்தது.