செரண்டிபிட்டி எங்கட ஊர்ச் சொல்லெல்லோ

அபூர்வ இங்கிலீஷ் சொல்லுகள் எண்டு ஒருத்தர் போட்ட லிஸ்டில செரண்டிபிட்டி இருக்கு, தேடாமலே நல்லது ஒண்டு கையில வந்து சேருறது எண்ட அர்த்தமும் சரிதான், ஆனா அது எங்கட இலங்கையின்ர பழைய பேர் செரண்டிப்பில இருந்து 1754ல ஹொரேஸ் வால்போல் எண்டவர் ஒரு கடிதத்தில உண்டாக்கினது எண்டு ஒரு வரி போட்டிருக்கலாமே. பெட்ரிகோர் எண்டது காஞ்ச மண்ணில மழை விழேக்க வாற மணத்துக்கு 1964ல ரெண்டு விஞ்ஞானிகள் வச்ச பேர். நாங்கள் மண்வாசம் எண்டிட்டுப் போயிடுவம். ஆனா திருகோணமலையில ஐப்பசி மழை விழேக்க உப்புவெளிப் பக்கம் அது கடல் மணத்தோட சேந்து வருமே, அதுக்கு என்ன சொல்லு? பிறகு முலிகட்டோனி எண்டு இங்கிலீஷில ஒரு சூப்புக்குச் சொல்லுறது, அது எங்கட மிளகுத்தண்ணிதான், மகள் நம்பவேயில்லை, டிக்‌ஷனரிய விரிச்சுக் காட்டினாப் பிறகு ஒரே சிரிப்பு.