அம்லோடிபின் எலும்பைக் கரைக்காது

'பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை. எலும்பு தேயும், நிறுத்திவிடுங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு, ஆபத்தான தவறு.

அந்த மாத்திரை எலும்பிலுள்ள கால்சியத்தைத் தொடுவதே இல்லை. ரத்தக்குழாய்த் தசைச் செல்களின் சவ்வில் கால்சியம் நுழையும் வாசல் ஒன்று உண்டு, எல் வகைக் கால்வாய். அது ஒரு புரதம். அதன் குறுகிய இடத்தில் எதிர்மின்சுமையுள்ள நான்கு குளூட்டமேட்டுகள் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒரு வகை) நிற்கின்றன. வெளியே சோடியம் பல மடங்கு அதிகமாக இருந்தும், கால்சியத்தையே அவை இறுகப் பிடித்து உள்ளே விடுகின்றன. எவ்வளவு நுட்பமான அமைப்பு! செல்லுக்கு வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். அதனால் வாசல் திறந்ததும் பாய்ந்து நுழையும், தசை சுருங்கும். அம்லோடிபின் இந்த வரவைக் குறைக்கிறது. குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது.

சரி, எலும்பு? அதன் கால்சியத்தைக் கவனிப்பவை பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும். கணுக்கால் வீங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது இம்மருந்தின் உண்மையான பக்கவிளைவு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.