கையெழுத்துப் போடும் முன் நாலாம் பக்கத்தையும் படியுங்கள்

நீலகிரியில் சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: படம் முடியும் முன்பே விநியோகஸ்தர் தரும் அட்வான்ஸ் கடன்தான். அதை நம்பி பாதி பட்ஜெட் தேறிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

பட விநியோகத்துக்குப் பிரித்திருக்கும் ஏரியாக்களில் நம்ம மலை கோவை ஏரியாவில் வருகிறது. அவுட்ரைட்டாக, அதாவது ஒரே விலைக்கு உரிமையை விற்றுவிட்டால், லாபமோ நட்டமோ வாங்கியவருக்கு. எம்.ஜி. (மினிமம் கேரண்டி) என்றால் பேசிய தொகை உங்களுக்கு உறுதி, படம் ஓடாவிட்டாலும் யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அட்வான்ஸில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தியேட்டர் வசூலில் படத்துக்கு வரும் ஷேரில் முதலில் விநியோகஸ்தர் கமிஷன் போகும், போஸ்டர் செலவும் டிஜிட்டலில் படம் திரையிடுவதற்கான க்யூப் கட்டணமும் போகும், அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ் கழியும். கழியாத பாக்கி உங்கள் தலையில். பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரியில் முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாங்கிய பிறகு இலையை வேறு இடத்தில் போட முடியுமா, விலைதான் பேச முடியுமா?

கோத்தகிரித் தம்பி ஒருவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். முதல் பக்கத்தில் கோவை ஏரியா தியேட்டர் உரிமை மட்டும். நாலாம் பக்கத்தில், அட்வான்ஸ் தீரும் வரை டிவி, ஓடிடி, டப்பிங் எதையும் வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒற்றை வரி. உரிமைக்குக் காலக்கெடு எழுதவே இல்லை. எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவு அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். சின்னப் படத்துக்கு 5 வருடம் என்றால் அதன் ஆயுளே முடிந்தது. எனக்கு அப்படியொரு கோபம். ஒரு ஏரியாவுக்குக் கொடுத்த காசுக்குப் படத்தையே கட்டிப்போடுவது என்ன நியாயம்?

கையெழுத்தானதும் முழுப் பணமும் வராது. மீதி, படத்தை முடித்து டெலிவரி கொடுக்கும் அன்றைக்கு. அதுவரை அந்தப் பேப்பரைக் காட்டி ஃபைனான்ஸ் வாங்குவோம். ஜூலை மழையில் கூடலூர்ப் பக்கம் ஷூட்டிங் நின்றாலும் வட்டி ஓடும். கடைசியில் வரவேண்டிய மீதியை வட்டியே தின்றுவிடும்.

தொகை குறைந்தாலும் எம்.ஜி.யே கேளுங்கள். ஒரு ஏரியா, தியேட்டர் மட்டும், இத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் ரிலீஸ் ஆகாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டத்திலேயே அது உண்டு, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டால் அதுதான் நிற்கும். ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிட்டு பட்ஜெட்டைக் குறையுங்கள்.

ஒப்பந்தம் கையில் இருப்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கோவையில் வக்கீல் நண்பர் ஒருவர் படித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஃபீஸ் வேண்டாம் என்றுவிட்டார்.