வேண்டாத மீன்

சென்ற ஞாயிறு மாலை சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் நிற்க இடமில்லை. 250 மீட்டர் நீளத் துறையின் இருபுறமும் கம்பித் தடுப்பு முழுக்கத் தூண்டில்கள். நான் நடந்த வழியில் மட்டும் ஏழு பேத்தை மீன்கள் சிமென்ட் தரையில் கிடந்தன. ஐந்து செத்திருந்தன. இரண்டு இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்தில் இருந்த எல்லோரும் வெகு அக்கறையாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேத்தையை யாருக்கும் பிடிப்பதில்லை. காரணமும் உண்டு. கிளி அலகு போன்ற பல்லால் இரையைக் கொறித்துத் தின்றுவிடும், சமயத்தில் தூண்டில் நரம்பையே அறுத்துவிடும். நஞ்சுள்ள மீன் என்பதால் குழம்புக்கும் ஆகாது. கொடுவாவுக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பவனுக்கு நான்காவது முறையும் பேத்தையே ஏறினால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலில் தரையில் ஓங்கி அடிக்கிறார்கள். இல்லையென்றால், அது பந்துபோல் உப்புவதைப் பிள்ளைகளுக்குக் காட்டக் காலால் உருட்டுகிறார்கள். பத்து வயதில் நானும் உருட்டியிருக்கிறேன். அப்பா திட்டவில்லை. என் தூண்டிலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, "இன்றைக்கு உனக்குப் போதும்" என்றார். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஒருவர் பிடித்த பெரிய மீனின் படத்தை வைத்து நான் அவரை எடைபோடுவதில்லை. வேண்டாத மீன் ஏறும்போது அவர் கை என்ன செய்கிறது என்று பார்ப்பேன்.

பேத்தையைத் திருப்பி விடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தண்ணீருக்கு வெளியே உப்பினால் அது காற்றை விழுங்கிவிடுகிறது. அப்படியே கடலில் எறிந்தால் சில மீன்களுக்கு அந்தக் காற்றை வெளியே தள்ள முடியாது. வயிறு மேலாக மிதக்கும், பறவைக்கு இரையாகும். வாளியில் கடல்நீர் வைத்து, மீனை அதற்குள்ளேயே பிடித்து இடுக்கியால் தூண்டில் முள்ளை எடுத்தால் பெரும்பாலும் அது உப்புவதே இல்லை. முள்ளில் பின்னோக்கி நிற்கும் எதிர்முனையை முன்கூட்டியே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். எந்த மீனானாலும் கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த கையும் துண்டும் அதன் உடம்பிலுள்ள வழவழப்பை உரித்துவிடும். மீனுக்கு நோயிலிருந்து காவல் அந்த வழவழப்புத்தான்.

திருக்கையின் கதை இதைவிட மோசம். வாலில் இருக்கும் நச்சு முள்ளுக்குப் பயந்து வாலையே வெட்டி எறிந்துவிட்டு, மீனைக் கடலில் தள்ளி, "விட்டுவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயம் நியாயமானது. அதற்காக வாலை வெட்ட வேண்டியதில்லை. கிட்டப் போகப் பயமாக இருந்தால், வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே நரம்பை வெட்டி விட்டுவிடலாம்.

நீர்த்தேக்கங்களில் தோமான் என்னும் பெரிய விரால் வகை மீனைப் பிடிக்கும் நண்பர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. அங்கே செயற்கை இரை மட்டும்தான் அனுமதி, அதைக் கடைப்பிடிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தோமான் நம் ஊர் விராலைப்போலக் குஞ்சுகளைக் காக்கும் மீன். செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் மூச்சுவிட மேலே வரும், தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே இரையை வீசினால் பெரிய மீன் பசியில் அல்ல, கோபத்தில் பாய்ந்து கடிக்கிறது. அதைக் கரையில் போட்டுப் படமெடுக்கும் ஐந்து நிமிடத்தில், காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடலாம். "அது வெளியிலிருந்து வந்த மீன்தானே, குறைந்தால் நல்லதுதானே" என்றான் நண்பன். சரி, குறைக்க வேண்டும் என்பது உன் கவலையானால் ஒரே அடியில் கொன்று சமைத்துச் சாப்பிடு, நான் வாயைத் திறக்க மாட்டேன். அவனோ பெரிய மீனை முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டு, குஞ்சுகளைப் பலிகொடுக்கிறான். கேட்டால் விளையாட்டு என்கிறான். இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. இந்தப் பதிவைப் படித்தால் இன்னும் இரண்டு வாரம் சேரும்.

மீனைப் போலவே வேண்டாமல் போவது நரம்பு. சிக்கெடுக்கச் சோம்பல்பட்டு வெட்டிப் போடும் ஒரு முழம் நைலான் மட்கிப்போகாது. நாரையின் காலிலும் ஆமையின் துடுப்பிலும் சுற்றிக்கொள்ளும். எழுபதுகளில் இங்கே காணாமற்போய், தொண்ணூறுகளில் திரும்பி வந்த நீர்நாய்களுக்குத் தூண்டில் முள் குத்தி, மீட்புக் குழுவினர் பிடித்து முள்ளெடுத்த செய்திகளை நாம் எல்லோரும் படித்துவிட்டுக் கடந்துவிட்டோம். அப்பா கப்பல் பட்டறை வேலை முடிந்து வரும்போதே ஒரு காலி மைலோ டின்னைப் பையில் வைத்திருப்பார். அறுந்த நரம்பெல்லாம் அதற்குள் போகும். வீட்டுக்கு வந்து சிறு துண்டுகளாக நறுக்கித்தான் குப்பையில் போடுவார். இன்று அந்த டின் என்னிடம் இருக்கிறது, மூடி மட்டும் துருப்பிடித்துவிட்டது.

பின்னால் பார்க்காமல் வீசுவது, ஒருவரே ஆறு கம்புகளைச் சாய்த்து இடம் பிடிப்பது, உட்காரும் பெஞ்சில் இறால் நறுக்குவது பற்றியெல்லாம் எழுதினால் விடிந்துவிடும். இங்கே பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட உரிமம் தேவையில்லை. நான் அதை விரும்புகிறேன். உரிமம் வந்துவிடக் கூடாதே என்றும் பயப்படுகிறேன்.

அன்று என் பக்கத்தில் நின்றது புதுக்கோட்டைத் தம்பி ஒருவர். கட்டுமான வேலை, வாரத்தில் ஒரே நாள் விடுப்பு. அவர் முள்ளில் பேத்தை ஏறியது. கையை ஓங்கியவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். "என்ன அண்ணே, எங்கள் ஊர்ப்பக்கம் கரைவலையில் வந்தால் மணலில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள்" என்றார். நான் பேசாமல் வாளியை அவர் பக்கம் தள்ளினேன். சிரித்துக்கொண்டே அதில் அமிழ்த்தி, என் இடுக்கியை வாங்கி முள்ளை எடுத்தார். மீன் உப்பவில்லை. வாளியோடு கயிற்றில் இறக்கிக் கவிழ்த்தோம்.

பத்து நிமிடத்தில் அதுவோ அதன் தம்பியோ என் இறாலைச் சுத்தமாகக் கொறித்துவிட்டுப் போனது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.