மிலான் கோட்டைக் கோபுரம் லியனார்டோ கட்டியதா?

இத்தாலியின் மிலான் நகரிலுள்ள ஸ்ஃபோர்ஸா கோட்டையின் படத்தைப் போட்டு, "லியனார்டோ டா வின்சி கட்டிய கோபுரம், 500 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது, தோட்டமும் அவர் அமைத்ததே" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இடிக்கப்பட்ட பழைய கோட்டையை மிலானின் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா 1450-இல் திரும்பக் கட்டத் தொடங்கியபோது லியனார்டோ பிறக்கவே இல்லை. முகப்புக் கோபுரத்தை வடிவமைத்தவர் ஃபிலாரெத்தே. அதிலும் அந்தக் கோபுரம் இன்று இல்லை. உள்ளே வைத்திருந்த வெடிமருந்து 1521-இல் வெடித்து அது தகர்ந்துபோனது. படத்தில் தெரிவது லூக்கா பெல்த்ராமி மறுபடி எழுப்பியது, திறப்பு 1905-இல்.

கோட்டைக்குப் பின்னால் பிரபுக்களின் வேட்டைக்காடு இருந்தது உண்மைதான். ஆனால் அது அழிந்து, ராணுவத் திடலாகி, 1890-களில்தான் எமிலியோ அலெமாஞாவின் வடிவமைப்பில் செம்பியோனே பூங்கா ஆனது.

லியனார்டோவின் கைவண்ணத்தைப் பார்க்க வேண்டுமானால் கோட்டைக்கு உள்ளே போக வேண்டும். 1498-இல் ஓர் அறையின் கூரை முழுக்க முசுக்கொட்டை மரக் கிளைகளை ஓவியமாகப் பின்னி, ஊடே பொன்கயிறு ஓடவிட்டிருக்கிறார். சுவரின் ஒரு மூலையில் வேர்கள் பாறையைப் பிளந்து இறங்குகின்றன. கோட்டை படைமுகாமாக இருந்த காலத்தில் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். சுரண்டி மீட்டது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்.